ஒரு தலை குறைகிறது

போன வாரம் ஆசிரியர் கூட்டத்தில் கிளம்பிய சண்டை சாப்பாட்டு மேசை வரைக்கும் வந்து நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். இல்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

சண்டைக்காரி நம் சைரன் டீச்சர். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அதுதான் பேர். ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். கூடவே பாதுகாப்புப் பொறுப்பையும் அவள் தலையில் கட்டியிருந்தார்கள். தீப்பிடித்தால் எந்தப் படியில் இறங்குவது, எங்கே கூடுவது, யார் யாரை எண்ணுவது என்று உட்கார்ந்து திட்டம் போட்டவள் அவள்தான். அதைக் குப்பையில் போட்டவர் தலைமையாசிரியை. அந்தத் தலைமையாசிரியை வேறு யாருமில்லை, அவளுடைய நாத்தனார். கணவனின் கூடப் பிறந்த அக்கா. வீட்டில் அண்ணி, பள்ளியில் மேடம்.

அந்தப் பள்ளியில் பாதுகாப்பு ஒத்திகை என்றால் ஆண்டு விழா மாதிரி. முந்தின நாளே அறிவிப்பு வந்துவிடும். பிள்ளைகள் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வரும். சைரன் அடித்ததும் யாரும் அசையக் கூடாது. மைக்கில் மேடம் 'இப்போது எழுந்திருக்கலாம்' என்று சொன்ன பிறகுதான் வகுப்புகள் எழுந்திருக்கும். உயரவாரியாக வரிசை, மைதானத்தில் ஒரு கைதட்டல், ஒரு போட்டோ. முடிந்தது பாதுகாப்பு.

"நெருப்பு முந்தின நாளே சொல்லிட்டா வரும்?" என்று எல்லார் முன்னாலும் இவள் கேட்டுவிட்டாள்.

"வீட்டுச் சண்டையை இங்கே கொண்டு வராதே" என்றார் நாத்தனார்.

சரி, கட்டினவனாவது நம் பக்கம் பேசுவான் என்று வீட்டுக்கு வந்து சொன்னால், அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "அக்கா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கே" என்றான். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு பாதியாகிவிட்டது.

இன்றைக்குக் காலையில் அந்த மீதிப் பாதிக்கும் ஆபத்து வந்தது.

"எதுக்கும்மா எல்லாத்தையும் தலையில தூக்கிப் போட்டுக்கிறே? ஒண்ணும் ஆகாது" என்றான் கணவன், வண்டிச் சாவியைத் தேடியபடி. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு விதி சொல்லியே பிழைக்கிறவன்.

"ஒண்ணும் ஆகாதுன்னு நினைக்கிறவன்தான் சீட் பெல்ட் போட மாட்டான்னு நீங்கதானே சொல்வீங்க?"

"அது ரோடு. இது பள்ளிக்கூடம்."

"எண்ணி முடிக்கிற வரைக்கும் பிள்ளையைப் பெத்தவங்க கையிலகூடக் கொடுக்கக் கூடாது, பின் கேட்டைத் திறக்கக் கூடாதுன்னு எழுதியிருந்தேன். அதை எடுத்துடணுமாம். பெத்தவங்க கோவிச்சுப்பாங்களாம்."

"கோவிக்காம? பெத்தவங்கன்னா சும்மாவா?"

செவிடன் காதில் சங்கு ஊதுகிறோம் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளையும் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

"அம்மா, இன்னிக்கும் அத்தையோட சண்டை போடுவியா?" என்றாள் குட்டி.

"பள்ளிக்கூடத்துல அத்தை இல்ல. மேடம்."

"சரி. மேடத்தோட சண்டை போடுவியா?"

அவள் நடையை எட்டிப் போட்டாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளுக்குத் தூக்கம் சொக்கும் நேரம். பின்னக் கணக்கை அவள் பாதி போர்டில் எழுதியிருந்தாள். சைரன் அடித்தது.

வகுப்பில் ஒரு பிள்ளைகூடக் கதவைப் பார்க்கவில்லை. எல்லாத் தலையும் சுவரில் மாட்டியிருந்த ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தது. இத்தனை வருஷமாகப் பழக்கியதெல்லாம் இதற்குத்தானா!

ஒலிபெருக்கி கரகரத்தது. நாத்தனாரின் குரல்.

"பிள்ளைகளே, யாரும் எழுந்திருக்க வேண்டாம். இன்றைக்கு ஒத்திகை கிடையாது. யாரோ வேண்டுமென்றே அழுத்தியிருக்கிறார்கள். அவரவர் இடத்தில் உட்காருங்கள்."

அந்த 'யாரோ' எந்தத் திசையில் பாய்கிறது என்று பள்ளிக்கூடம் முழுவதற்கும் புரிந்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியை வாசலில் தலையை நீட்டினாள்.

"நீங்கதானா டீச்சர்?"

"நான் இல்லைங்க!"

"பரவாயில்ல, சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அட கடவுளே, இந்த ஊரில் ஒருத்தருக்குக்கூடவா மூக்கு வேலை செய்யவில்லை? பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வராந்தாவில் தெளிவாக வந்துகொண்டிருந்தது. சாக்பீஸைத் தூக்கி எறிந்தாள்.

"எல்லாரும் எழுந்திரு. பையை விடு. வரிசை வேணாம், கையைப் பிடிச்சுக்கிட்டு கிழக்குப் படியில இறங்கு."

"டீச்சர், மேடம் இன்னும் சொல்லலையே?" என்றாள் முதல் பெஞ்சுக்காரி.

"மேடம் சொல்லாட்டி என்ன, நான் சொல்றேன். எழுந்திருடி!"

அதட்டிய பிறகுதான் எழுந்தார்கள். வராந்தாவில் ஓடி ஒவ்வொரு வகுப்புக் கதவையும் தட்டித் தட்டிக் கத்தினாள். மேற்குப் படிக்கு அடியில் ஒரு சாமான் அறை. ஆண்டு விழாவின் பழைய திரைச்சீலை, தெர்மகோல் எல்லாம் மின்சாரப் பலகையை ஒட்டி அடுக்கிக் கிடக்கும் இடம். அங்கிருந்து கரும்புகை படியேறி வந்துகொண்டிருந்தது. ஆயாம்மாதான் முதலில் பார்த்துச் சைரனை அழுத்தியவள். சொல்லப் போனவளை மேடம் பேசவே விடவில்லையாம்.

நாத்தனார் அறையை விட்டு வெளியே வந்தார். புகையைப் பார்த்தார். ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டு, திரும்ப உள்ளே ஓடி மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் வெளியே போங்க! பிள்ளைகளே, எழுந்து..."

அதோடு மின்சாரம் போய்விட்டது. மைக் செத்தது. முதலில் சொன்ன 'உட்காருங்கள்' எல்லா வகுப்புக்கும் கேட்டிருந்தது. இரண்டாவதாகச் சொன்னது பாதிப் பேருக்குக்கூடக் கேட்கவில்லை.

ஆனாலும் இறங்கினார்கள். அழுதுகொண்டும் இருமிக்கொண்டும், ஒரு கால் செருப்போடும் இறங்கிப் பின்பக்க மைதானத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வாட்ச்மேன் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டுவிட்டு, வண்டிக்கு வழிவிட முன் கேட்டுக்கு ஓடியிருந்தான். சைரன் டீச்சர் மைதானத்தின் நடுவில் நின்று ஒவ்வொரு வகுப்பாகக் கூப்பிட்டாள்.

"ஒண்ணாம் வகுப்பு?"

"எல்லாரும் இருக்காங்க டீச்சர்."

"ரெண்டு?"

"சரியா இருக்கு."

"மூணு?"

மூன்றாம் வகுப்புக்கு இந்த வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண். வயசு குறைவென்பதால் எல்லாருக்கும் அவள் சின்ன டீச்சர். அவள் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்... ஒண்ணு குறையுது."

"யாரு?"

சின்ன டீச்சர் வாயைத் திறந்தாள். சொல்ல முடியவில்லை. சைரன் டீச்சரின் முகத்தையே பார்த்தாள். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நான் கூட்டிட்டு வந்தேன் டீச்சர். படியில என் பின்னாடிதான் வந்தா. சத்தியமா வந்தா."

சைரன் டீச்சர் கட்டிடத்தைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே ஓட வேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடித்தது. ஆனால் பொறுப்பில் இருப்பவர் எக்காரணம் கொண்டும் மைதானத்தை விட்டுப் போகக் கூடாது, யாரையும் உள்ளே விடக் கூடாது என்று எழுதியவளும் அவள்தான். அதை எழுதும்போது, தொலைந்த பிள்ளை தன் பிள்ளையாக இருக்கும் என்று எந்தத் தாய் யோசிப்பாள்?

நான்காம் வகுப்புக்காரர்கள் கலைந்து ஓடத் தொடங்கியிருந்தார்கள். "யாரும் நகரக் கூடாது!" என்று கத்தினாள். கத்திக்கொண்டே கணவனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. திரும்பப் போட்டாள். எடுக்கவில்லை. பாவி மனுஷன், எங்கே போய்த் தொலைந்தான்?

நாத்தனார் பக்கத்தில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"யாரு குறையுது?"

"குட்டி."

அவர் மாடியைப் பார்த்தார். "நான் உட்காரச் சொன்னேன். என் குரலைக் கேட்டுட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பா. நான் சொன்னா அவ தட்ட மாட்டா."

"அண்ணி, எங்கே போறீங்க?"

"விடு."

"போகாதீங்க அண்ணி. தீயணைப்பு வண்டி வந்துட்டே இருக்கு. அவங்க போகட்டும்."

"உன் பொண்ணுடி அவ!"

"என் பொண்ணுதான்! எனக்குப் போகத் தெரியாதா? நீங்களும் உள்ளே மாட்டிக்கிட்டா ஒண்ணுக்கு ரெண்டாத் தேடணும் அண்ணி."

நாத்தனார் கையை உதறினார். தண்ணீர்த் தொட்டியில் சேலைத் தலைப்பை முக்கி மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறிப் போய்விட்டார். பிடித்து நிறுத்த இன்னும் ஒரு கை இருந்திருந்தால் நிறுத்தியிருக்கலாம். மைதானம் நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருத்தி என்னதான் செய்வாள்? அழக்கூட நேரமில்லை அவளுக்கு. நாலாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் எண்ணி முடித்தாள்.

தீயணைப்பு வண்டி முன் கேட்டில் திரும்புகிற சத்தம் கேட்டபோதுதான் போன் அடித்தது.

"என்னம்மா இத்தனை தடவை கூப்பிட்டிருக்கே? வண்டி ஓட்டிட்டிருந்தேன். ஓட்டும்போது போனை எடுக்கக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நானே எடுக்கலாமா?"

"ஏங்க... குட்டியைக் காணோங்க." அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"குட்டியா? இங்கதான் இருக்கா, என் பக்கத்துல. ஜூஸ் குடிச்சிட்டிருக்கா."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"பக்கத்துத் தெருவுல ஒருத்தருக்கு வண்டி கத்துக் குடுத்திட்டிருந்தேன். சைரன் கேட்டுது, புகை தெரிஞ்சுது. நேரா பின் கேட்டுக்கு வந்தேன். வாட்ச்மேன் திறந்துட்டு ஓடினான். குட்டி வரிசையில வந்தா, கூப்பிட்டேன், ஓடி வந்துட்டா. நீ தூரத்துல கத்திட்டிருந்தே. உன்னை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு அப்படியே ஆபீசுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். நல்ல வேளை, இல்ல?"

மகள் உயிரோடு இருக்கிறாள். அந்தச் சந்தோஷம் முழுசாக நெஞ்சுக்குள் வருவதற்கு முன்னாலேயே ஆத்திரம் அதைத் தள்ளிக்கொண்டு வந்தது.

"உங்க அக்கா உள்ளே போயிருக்காங்க."

"எங்கே உள்ளே?"

"நெருப்புக்குள்ளே. குட்டியைத் தேடி."

அவள் போனை வைத்துவிட்டு ஓடிப்போய்த் தீயணைப்பு வீரர்களிடம் சொன்னாள். பிள்ளைகள் யாரும் உள்ளே இல்லை, பெரியவர் ஒருத்தர் இருக்கிறார், மேல்மாடியில் மூன்றாம் வகுப்பில் பாருங்கள் என்றாள். கணக்கு இப்போதுதான் சரியாக இருந்தது.

அங்கேதான் இருந்தார் நாத்தனார். பெஞ்சுகளுக்கு நடுவில் மயங்கிக் கிடந்தவரைத் தூக்கி வந்தார்கள். சூடேறியிருந்த படிக்கட்டுக் கம்பியைப் பிடித்து ஏறியதில் வலது உள்ளங்கை வெந்திருந்தது.

உயிருக்கு ஆபத்தில்லை என்று ஆஸ்பத்திரியில் சாயங்காலம் டாக்டர் சொன்னார். புகையை நிறைய இழுத்திருக்கிறார், தொண்டை புண்ணாகியிருக்கிறது, அதிகம் பேச விடாதீர்கள் என்றார். நாள் முழுக்க மைக்கில் பேசுகிறவருக்கு இப்படி ஒரு பத்தியம்.

சைரன் டீச்சர் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பியபோது, வராந்தா பெஞ்சில் சின்ன டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கரி அப்படியே இருந்தது.

"இன்னும் வீட்டுக்குப் போகலையா நீ? என்ன ஆச்சும்மா?"

"தாளாளர் வந்தாரு டீச்சர். 'பிள்ளையை எண்ணத் தெரியாதவ எல்லாம் எதுக்கு டீச்சர் வேலைக்கு வர்றே? நாளையிலிருந்து வர வேண்டாம்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

"யாருமே ஒண்ணும் சொல்லலையா?"

"சார் மட்டும்தான் இருந்தாரு."

சார் என்றால் அவள் கணவன். வராந்தாக் கோடியில், குட்டியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தான். சைரன் டீச்சர் நேராக அவனிடம் போனாள்.

"தாளாளர் அந்தப் பொண்ணைத் திட்டினப்போ நீங்க இங்கேதான் இருந்தீங்களா?"

"மெதுவாப் பேசும்மா. அக்கா இருக்கிற நிலைமையில..."

"நான்தான் கூட்டிட்டுப் போனேன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்தா போயிடும்?"

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா? என்னால அக்கா சாகப் பார்த்தாங்கன்னு ஊரே பேசும். இப்போ வேணாம். குட்டி பாத்ரூம்ல இருந்தா, அப்புறம் அவளே இறங்கி வந்துட்டான்னு சொல்லிடலாம். குட்டிகிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்."

"பிள்ளைக்குப் பொய் சொல்லிக் குடுத்திருக்கீங்களா?"

"பொய்யா அது? ஒரு சமாளிப்பு."

காலையிலிருந்து அவள் பட்ட கோபமெல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நர்ஸ் கதவைத் திறந்து, நோயாளி குழந்தையைக் கேட்கிறார் என்றாள்.

நாத்தனார் சாய்ந்து படுத்திருந்தார். ஆக்சிஜன் மூடியைத் தானே கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, கட்டுப்போடாத கையால் குட்டியின் கன்னத்தைத் தடவினார். குரல் கம்மிப் போயிருந்தது.

"எங்கடி இருந்தே? ஒவ்வொரு பெஞ்சுக்கு அடியிலயும் தேடினேனே. மேடம் உட்காரச் சொன்னாங்கன்னு உள்ளேயே உட்கார்ந்துட்டியா? நான் சொன்னதாலதானே?"

அழுதார். அவர் அழுது சைரன் டீச்சர் ஒரு நாளும் பார்த்ததில்லை. கணவன் மகளின் தோளை மெல்ல அழுத்தினான்.

"அத்தை, நான் பாத்ரூம்ல..." என்று குட்டி தொடங்கினாள். மேலே போக முடியாமல் அம்மாவைப் பார்த்தாள்.

"நீ பேசாதே குட்டி" என்றாள் சைரன் டீச்சர். பிறகு கணவனிடம் திரும்பினாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவன் தரையைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். கடைசியில் வேறு வழியில்லாமல் சொன்னான்.

"நான்தான்க்கா. அவ வெளியே வந்துட்டா. பின் கேட்டு வழியா நான் கூட்டிட்டுப் போயிட்டேன்."

நாத்தனாருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அப்போ நான் தேடினப்போ அங்கே யாருமே இல்லையா?"

"இல்லக்கா."

"எண்ணி முடிக்காம வாட்ச்மேன் எப்படிடா கேட்டைத் திறந்தான்?"

"நீதானேக்கா அவன்கிட்ட சொல்லி வெச்சிருக்கே, என் தம்பி வந்தா எதுவும் கேக்காதேன்னு."

நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டார். சைரன் டீச்சர் காத்திருந்தாள். மன்னிப்பு வேண்டாம், 'நீ சொன்னது சரி' என்ற ஒரு வார்த்தை போதும் என்று இருந்தது அவளுக்கு. எத்தனை நாள் கரடியாகக் கத்தியிருப்பாள்!

நாத்தனார் கண்ணைத் திறந்தார்.

"சரி. நடந்தது நடந்து போச்சு. இது நம்ம குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும். வெளியே தெரிஞ்சா என் வேலையும் போகும், இவன் மானமும் போகும்."

"அப்போ அந்தச் சின்ன டீச்சர்?"

"அந்தப் பொண்ணுக்கு வேற பள்ளிக்கூடத்துல நான் சொல்லி வாங்கித் தர்றேன். சின்ன வயசு, மறந்துடுவா."

கணவன் பெருமூச்சு விட்டான். "அதான் சரி. குடும்பம்னா விட்டுக் கொடுத்துத்தான் போகணும்மா."

சைரன் டீச்சர் சண்டை போடவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. வாசலுக்குப் போய் வராந்தாவில் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"இங்கே வாம்மா. மேடம் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ஏய்! என்ன பண்றே நீ?" என்றான் கணவன் அடிக்குரலில்.

சின்ன டீச்சர் அவசரமாக எழுந்து வந்தாள். கட்டிலின் காலடியில் நின்று, கட்டுப்போட்ட கையைப் பார்த்ததும் மறுபடி அழ ஆரம்பித்துவிட்டாள்.

"என்னை மன்னிச்சிடுங்க மேடம். என்னாலதான் உங்களுக்கு இப்படி ஆச்சு. நான் நல்லாத்தான் எண்ணினேன். எங்கே தப்பு பண்ணினேன்னு எனக்கு இன்னும் தெரியல. நீங்களாவது சொல்லுங்க மேடம்."

நாத்தனார் தம்பியைப் பார்த்தார். தம்பி எங்கும் பார்க்கவில்லை. ஆக்சிஜன் மூடியைத் திரும்ப மாட்டிக்கொள்ள நாத்தனார் கையைக் கொண்டுபோனார்.

சைரன் டீச்சர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க அண்ணி" என்றாள்.